அளவுக் கன்னம்

அன்று வெர்னாஸ்க் ஊர் மண்டபத்தில் இருந்தவர்கள்: மூன்றாம் முத்தச் சபையின் தலைவர் எமே கல்வின்யாக், முன்னாள் மருந்துக்கடைக்காரர், மனைவியை இழந்தவர், நல்ல வாசனைத் தைலம் பூசுகிறவர். செயலாளர் சொலான்ஜ் பூஜோல், தபால் நிலையத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் யார் வீட்டுக்கு எங்கிருந்து கடிதம் வருகிறது என்று தெரிந்து வைத்திருப்பவள். இறைச்சிக்கடை மார்செலான் தெய்சியே. சபையின் மற்ற உறுப்பினர்கள், எல்லோரும் ஒயின் நிற அங்கியில். ஆற்றங்கரையில் வீடு வாங்கிக் குடிவந்த பாரிஸ் தம்பதி, கற்றுக்கொள்வதற்காக. பள்ளிச் சமையல்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ரோசீன் பர்ரால். அவள் கணவர் ஃபுல்க்ரான் பர்ரால், ஒயின் கூட்டுறவுச் சங்கத்தின் டேங்கர் லாரியை ஓட்டியவர். நாற்காலி கிடைக்காமல் கதவருகே நின்றார். பர்ரால் குடும்பத்தார் யாரும் அதற்கு முன் எந்த மண்டபத்திலும் கதவருகே நின்றதில்லை.

வெர்னாஸ்க்கில் ஒருவரை ஒருவர் பார்த்தால் கன்னத்தோடு கன்னம் மூன்று முறை. இடது கன்னத்தில் தொடங்கி, வலது, மறுபடி இடது. பாலத்தைத் தாண்டினால் கோர்ப்யாக், அங்கே இரண்டு. பாரிஸிலும் இரண்டுதான் என்கிறார்கள். இன்னும் வடக்கே போனால் நான்கு கொடுக்கிற ஊர்களும் உண்டு என்று கேள்வி. மரியாதையான குடும்பங்களில் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

தொற்றுக் காலத்தில் எல்லோரும் முகமூடி போட்டுக்கொண்டு முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். முகமூடி போனது, முழங்கை போகவில்லை. பாரிஸ்காரர்கள் இரண்டோடு முகத்தை எடுத்துவிட, உள்ளூர்க்காரர்களின் மூன்றாவது முத்தம் காற்றில் போய் விழுந்தது. கையில் ரொட்டியோடு, கழுத்தை நீட்டியபடி, தெருவில் தனியாக நிற்கிற அவமானம் வெர்னாஸ்க்கில் எல்லோருக்கும் ஒரு தடவையாவது நேர்ந்திருந்தது. அப்போதுதான் கல்வின்யாக் சபையைத் தொடங்கினார். அங்கி தைக்கப்பட்டது. பதக்கம் செய்யப்பட்டது: இரண்டு கன்னங்கள், நடுவில் ஒரு திராட்சை இலை. தூரத்திலிருந்து பார்த்தால் அது வேறு எதையோ போல இருக்கிறது என்று மார்செலான் சொன்னான். கிட்டத்திலிருந்து பார்த்தாலும் அப்படித்தான் இருந்தது.

அன்றைய கூட்டத்தின் விஷயம் ஒன்றே ஒன்று. கல்வின்யாக் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"அன்பர்களே. மீட்டர் என்றால் எவ்வளவு என்று உலகுக்குக் காட்ட, நம் தேசம் ஒரு காலத்தில் பிளாட்டினக் கம்பி ஒன்றைச் செய்து பெட்டியில் வைத்துக் காத்தது. மூன்றாவது முத்தத்தின் அழுத்தம் எவ்வளவு, ஓசை எவ்வளவு, நேரம் எவ்வளவு என்று காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. ஆளுக்கு ஒரு கன்னம், ஆளுக்கு ஒரு அழுத்தம். இது மரபா, சந்தையா? நமக்குத் தேவை, அன்பர்களே, ஓர் அளவுக் கன்னம்."

கைதட்டினார்கள். சபை ஏற்கெனவே பல கன்னங்களைப் பரிசீலித்திருந்தது. பேக்கரிக்காரியின் கன்னத்தில் எப்போதும் மாவு. சொலான்ஜின் கன்னத்தில் எலும்பு முன்னால் நிற்கிறது. அதை அவளே ஒப்புக்கொண்டாள், ஆனால் அதற்குப் பிறகு யாரோடும் சரியாகப் பேசவில்லை. மிஞ்சியது ரோசீன் பர்ராலின் கன்னம். மிதமான சதை, நல்ல வெதுவெதுப்பு, அழுத்தி எடுத்தவுடன் பழைய நிலைக்குத் திரும்பும் குணம். இதையெல்லாம் கல்வின்யாக் பார்க்காமலே சொன்னார். ஃபுல்க்ரானுக்கு முதல் முள் அங்கேதான் தைத்தது.

ரோசீனை மேடைக்கு அழைத்து வெல்வெட் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவள் சிவந்துபோய்க் கைப்பையை மடியில் அழுத்திக்கொண்டாள். கல்வின்யாக் செய்து காட்டினார். இடது. வலது. மூன்றாவதுக்கு அவர் குனிந்தபோது, முறைப்படி கன்னம் கன்னத்தில் பட்டு உதடு காற்றில் ஒலிக்க வேண்டிய இடத்தில், உதடே கன்னத்தில் பட்டது. அது அங்கேயே இருந்தது. அந்த நேரத்தில் ஒருவன் டேங்கரை இரண்டாம் கியருக்கு மாற்றி, தேவாலய மேட்டை ஏறி முடித்து, மேலே போய் வண்டியை நிறுத்தியும் இருக்கலாம் என்று ஃபுல்க்ரான் கணக்கிட்டார்.

"இதுதான் அளவு," என்றார் கல்வின்யாக்.

வீட்டுக்கு நடந்தார்கள். பாதி வழியில் ஃபுல்க்ரான் கேட்டார்:

"அந்த ஆளு எதுக்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டான்?"

"எவ்வளவு நேரம்?"

"பார்த்தேனே."

"நீ கதவுகிட்ட நின்ன. அங்கிருந்து என்ன தெரியும்?"

"டேங்கர் ஓட்டினவன்டி நான். பின்னால வர்ற வண்டி எவ்வளவு தூரத்துல இருக்குன்னு கண்ணாடியில பார்த்தே சொல்லுவேன்."

ரோசீன் சிரித்தாள். "சரி, சொல்லு. என் கன்னத்துல ஒரு மச்சம் இருக்கு. எந்தக் கன்னம்?"

ஃபுல்க்ரான் அவள் பக்கம் திரும்பப் பார்த்தார்.

"பார்க்காம சொல்லு."

அவர் நடையை வேகப்படுத்தினார். மருந்துக்கடைக்காரனுக்குத் தெரியும் என்பது மட்டும் அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அடுத்த வாரத்திலிருந்து சரிபார்ப்பு தொடங்கியது. சபை உறுப்பினர் ஒவ்வொருவரும் வாரம் ஒரு முறை அளவுக் கன்னத்தில் தங்கள் முத்தத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். மண்டபத்தில் குளிர் என்பதால் சரிபார்ப்பு பர்ரால் வீட்டு முன்னறைக்கு மாறியது. குழாய் ரிப்பேர்க்காரன் வந்தான். அவன் அழுத்தம் அதிகம் என்று தீர்ப்பாகி, இன்னும் மூன்று நாள் வந்து செய்யச் சொன்னார்கள். பாரிஸ் தம்பதி வந்தார்கள். கணவன் மூன்றாவதுக்கு வரும்போது கண்ணை மூடிக்கொண்டான். கண்ணை மூடலாமா கூடாதா என்று சபை ஒரு மாலை முழுக்க விவாதித்தது. சபைத் தலைவர் மட்டும் மூடலாம் என்று முடிவானது. ஃபுல்க்ரான் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பீன்ஸ் நார் உரித்தபடி, ஒவ்வொருவனாக உள்ளே போய் வாசனையோடு வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோசீன் மாறிக்கொண்டிருந்தாள். முடியை வெட்டிக்கொண்டாள். காதில் சின்ன வெள்ளித் தோடு வந்தது. குளியலறை அலமாரியில் ஒரு பாதாம் க்ரீம் வந்து உட்கார்ந்தது.

"இது எங்கிருந்து?"

"சபையோடது. பராமரிப்புக்கு."

"மருந்துக்கடைக்காரன் குடுத்தான்னு சொல்லு."

"மருந்துக்கடைக்காரர் குடுத்தார். லாரிக்காரர் ஏதாவது குடுத்தா அதையும் வாங்கிப் பூசிக்கறேன்."

பிறகு சொலான்ஜ் வந்தாள். அங்கியோடு வந்தாள்; அப்படியென்றால் அலுவல். உட்கார மறுத்து நின்றபடியே பேசினாள்.

"ஃபுல்க்ரான், சபை உன்னைப் பத்திப் பேசுச்சு. உன் தாடை."

"என் தாடைக்கு என்ன?"

"நீ வாரத்துல ரெண்டு நாள்தான் ஷேவ் பண்றே. முள்ளு. அளவுக் கன்னத்துல கீறல் விழுந்தா எல்லாருடைய முத்தமும் தப்பாப் போயிடும். அதனால சாப்டர் விழா, அதான் நம்ம சபையோட பெருவிழா, முடியற வரைக்கும் நீ அந்தக் கன்னத்துப் பக்கம் போகக் கூடாது. ரெண்டு கன்னமும்தான். அவ தூங்கும்போது மல்லாந்து தூங்கணும், நீ சுவர்ப்பக்கம்."

"என் பொண்டாட்டி கன்னத்துல நான் முத்தம் குடுக்கக் கூடாதுன்னு சபை சொல்லுதா?"

சொலான்ஜ் கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னாள்: "ஏன், குடுத்துக்கிட்டா இருந்தே? சபை விசாரிச்சுதான் முடிவு பண்ணுச்சு. உனக்கு ஒண்ணும் சிரமம் இருக்காதுன்னு எல்லாரும் ஒருமனதா சொன்னாங்க."

ரோசீன் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஓடும் சத்தம் அந்த இடத்தில் நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

ஃபுல்க்ரான் அன்றே ஷேவ் செய்துகொண்டு, கோட் போட்டு, கல்வின்யாக்கின் வீட்டுக்குப் போனார். பர்ரால் குடும்பத்தார் சண்டைக்குப் போனாலும் கோட் போட்டுத்தான் போவார்கள். கல்வின்யாக் கதவைத் திறந்து, வழக்கம்போலக் கன்னத்தை நீட்டி, வழக்கம்போல மூன்றும் முடித்து, சோம்பு மது ஊற்றித் தண்ணீர் கலந்தார்.

"சொல்லுங்க பர்ரால். உங்க மனசு எனக்குத் தெரியுது."

"தெரிஞ்சா நல்லது. மூணாவதுல உங்க உதடு படுது."

"படுது," என்றார் கல்வின்யாக் ஒளிக்காமல். "அது சபை முத்தம், நண்பரே. என் முத்தம் இல்ல. அங்கியைப் போட்டதும் நான் இல்ல, சபைதான் குனியுது. நான் ஒண்ணுமே உணர்றதில்ல. முதல் வாரம் உணரல. சந்தேகம் வந்துச்சு, அதனால ரெண்டாவது வாரம் கொஞ்சம் நிதானமா பார்த்தேன். அப்பவும் உறுதியா சொல்ல முடியல. ஆராய்ச்சின்னா அப்படித்தான், அவசரப்படக் கூடாது."

"அவ கன்னத்துல ஆராய்ச்சி எதுக்கு? வேற கன்னமே இல்லையா ஊர்ல?"

"இருக்கு. ஆனா எல்லாருக்கும் யாராவது இருக்காங்க." கல்வின்யாக் கண்ணாடிக் குவளையைத் திருப்பிக்கொண்டே சொன்னார். "கடை இருந்தப்போ காலையிலேர்ந்து மூடற வரைக்கும் ஆளுங்க வருவாங்க. இருமல் மருந்து வாங்க வந்தாலும் கன்னத்துல மூணு. கடையை வித்தேன். தொற்று வந்துச்சு. ஒரு குளிர்காலம் முழுக்க யாரும் என் முகத்தைத் தொடல. அப்பத்தான் மரபு அழிஞ்சுக்கிட்டு வருதுன்னு எனக்குப் புரிஞ்சுது. சபையோட விதிமுறையில முதல் வரி அதுதான். காரணத்தை மட்டும் போடல."

வேறொரு நாளாக இருந்தால் ஃபுல்க்ரானுக்கு இரக்கம் வந்திருக்கும். ஆனால் "யாராவது இருக்காங்க" என்று சொன்னபோது கல்வின்யாக்கின் குரலில் ரோசீன் அந்தக் கணக்கில் சேராதவள் போலத் தொனித்தது. கணவன் இருக்கும்போதே யாரும் இல்லாதவள். அவர் எழுந்தார். கல்வின்யாக் விடைகொடுக்கக் கன்னத்தை நீட்டினார். ஃபுல்க்ரான் கையை நீட்டினார்.

வெர்னாஸ்க்கில் கை என்பது வங்கி மேலாளருக்கு, காப்பீட்டு முகவருக்கு, மின்சார மீட்டர் பார்க்க வருகிறவனுக்கு. கூடப் படித்தவனுக்கு, ஒரே திராட்சைத் தோட்டத்தில் அறுவடை செய்தவனுக்குக் கையைக் கொடுப்பது, உன்னை இனித் தெரியாது என்று மூஞ்சியில் சொல்வது. கல்வின்யாக் அந்தக் கையை வெகுநேரம் பார்த்தார். பிறகு, மருந்துச் சீட்டு வாங்குவதுபோல நுனியில் பிடித்து வாங்கி, விட்டார்.

மறுநாள் ஊருக்கே தெரிந்தது. சபை அவசரமாகக் கூடி, கைகொடுத்தவரோடு உறுப்பினர்கள் எப்படிப் பழகுவது என்று ஆலோசித்தது. அளவுக் கன்னத்தின் கணவர் என்பதால் தலையசைப்பு வரை அனுமதி தரப்பட்டது. மார்செலான் மட்டும் அதை மதிக்கவில்லை. அவன் காலையில் கடையில் வைத்தே ஃபுல்க்ரானுக்கு மூன்றும் கொடுத்துவிட்டு, பன்றி விலா நறுக்கிக்கொண்டே சொன்னான்:

"டேய், சபை வேணும்னா என் அங்கியைப் பிடுங்கிக்கட்டும். கறி வெட்டறப்போ அது வேற தடுக்குது."

சாயங்காலம் பிளேன் மரத்தடியில் இரும்புக் குண்டு விளையாட இருவரும் கூடினார்கள். ஃபுல்க்ரான் மனம் எங்கோ இருந்தது. கல்வின்யாக்கின் உதடு இருந்த இடத்தில் இருந்தது. அந்த நினைப்பிலேயே அவர் மார்செலானிடம் போய்க் கன்னத்தை நீட்டினார்.

மார்செலான் பின்வாங்கினான். "என்னடா இது?"

"என்ன?"

"காலையிலதான் பண்ணோம். அதுக்குள்ள மறந்துட்டியா? அவ்வளவு சீக்கிரம் மறந்து போற மூஞ்சியாடா இது? உங்கப்பன் செத்தப்போ பொட்டியைத் தூக்கினவன்டா நான்."

"மன்னிச்சுக்கோ. தெரியாம."

"ஒரே நாள்ல ரெண்டு தடவை வணக்கம் சொல்றதுக்கு, சொல்லாமலே போயிருக்கலாம். அதுவாவது கோபம்னு நினைச்சுப்பேன்."

இது வெர்னாஸ்க்கில் எல்லோரும் அறிந்ததுதான். காலையில் வணக்கம் சொன்னவருக்கு அன்று மறுபடி சொன்னால், காலையில் நீ என் கண்ணிலேயே படவில்லை என்று பொருள். இதற்காகப் பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணன் தம்பிகள் உண்டு. சபையும் தன் விதிகளில் இதை அப்படியே சேர்த்திருந்தது. எதையும் விட்டுவிடக் கூடாது என்று சொலான்ஜ் சேர்த்தாள்.

ஃபுல்க்ரான் குண்டைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

"போடுடா," என்றான் மார்செலான்.

"சாப்டர் விழா ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தானே?"

"ஆமா. மாகாணத்துச் சபைகளோட கூட்டமைப்புலேர்ந்து ஒரு அம்மா வர்றாங்க. அந்தம்மா முன்னாடி நாங்க எல்லாரும் வரிசையா உன் பொண்டாட்டிக்குக் கன்னம் குடுக்கணும். அந்தம்மா பார்த்துட்டு இது மரபுன்னு சான்றிதழ் குடுப்பாங்க. ஏன்?"

"ஒண்ணுமில்ல," என்று ஃபுல்க்ரான் குண்டை எறிந்தார். அது இலக்கை ஒட்டிப் போய் நின்றது. பல வாரங்களுக்குப் பிறகு அவர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவர் சுவர்ப்பக்கத்திலிருந்து எழுந்து ரோசீனின் தோளைத் தட்டினார்.

"எழுந்திரு. நேரமாச்சு. ரொட்டி வாங்கணும்."

"ரொட்டி நீதானே வாங்குவே?"

"இன்னிக்கு ரெண்டு பேரும் போவோம். நல்ல உடுப்பாப் போட்டுக்கோ."

ரோசீன் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து நீலக் கவுனைப் போட்டுக்கொண்டாள், தோடும் போட்டுக்கொண்டாள். ஃபுல்க்ரான் ஏற்கெனவே வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேக்கரி வரிசையில் சபை உறுப்பினர்கள் பாதிப் பேர், அங்கியில்லாமல், கசங்கிய ஞாயிற்றுக்கிழமை முகத்தோடு நின்றார்கள். ஃபுல்க்ரான் மனைவியின் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார். "ரோசீன் வந்திருக்கா." இடது, வலது, இடது. இடது, வலது, இடது. பிறகு தேவாலய வாசல், பூசை தொடங்கும் முன்: சொலான்ஜ், அவள் தங்கை, பாரிஸ் தம்பதி. பிறகு காப்பிக் கடை: குழாய் ரிப்பேர்க்காரன், கூட்டுறவுச் சங்கத்தின் பழைய ஆட்கள். எங்கேயும் யாரும் எதையும் அளக்கவில்லை. ஒருவன் வாயில் ரொட்டியோடு கொடுத்தான். ஒருத்தி நாய்க்கயிற்றைப் பிடித்தபடி கொடுத்தாள். ரோசீன் எல்லோரோடும் ஒரு வார்த்தை பேசினாள், எல்லோரோடும் சிரித்தாள். ஒவ்வொரு கன்னத்துக்கும் ஃபுல்க்ரான் உள்ளுக்குள் வெந்தார். ஒரு மருந்துக்கடைக்காரன் மேல் இருந்த பொறாமையை இப்போது ஊர் முழுக்கப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆனாலும் ஒவ்வொருவரையும் அவரே தேடிப் பிடித்தார். தெருமுனையில் நழுவப் பார்த்த ஒருவனைக் குரல் கொடுத்துத் திரும்ப வரவழைத்தார்.

மார்செலான் மட்டும் கேட்டுவிட்டான். ரோசீனுக்கு மூன்றும் கொடுத்துவிட்டு, ஃபுல்க்ரானைத் தள்ளி நிறுத்தி: "ஒரு மாசமா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தே. இன்னிக்கு நீயே பொண்டாட்டியைத் தேர் இழுக்கற மாதிரி இழுத்துக்கிட்டு வர்றே. என்னடா விஷயம்?"

"மத்தியானம் தெரியும்."

"அவளுக்குத் தெரியுமா?"

"எதுக்கு?"

மார்செலான் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டான். ரோசீன் ஒன்றும் கேட்கவில்லை. வீடு வரைக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அது ஃபுல்க்ரானை உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை, கல்வின்யாக்கின் வீட்டு ஜன்னல்கள் மூடியிருந்தன என்பதைத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். வெளியூர் போயிருப்பான் என்று தீர்மானித்துக்கொண்டார்.

மத்தியானம் மண்டபம் நிறைந்தது. கூட்டமைப்பின் பிரதிநிதி எத்விஜ் லாந்த்ரியோ, ஒடிசலான பெண்மணி, உள்ளே வந்ததும் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் கையைக் கொடுத்தாள். மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. வடக்கத்தியவள் என்று பொறுத்துக்கொண்டார்கள். ரோசீன் வெல்வெட் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஃபுல்க்ரான் இந்த முறை வேண்டுமென்றே கதவருகே நின்றார்.

கல்வின்யாக் அங்கியில், பதக்கத்தோடு, ஒரு மணமகனைப் போல வந்தார். பேசினார். மீட்டர், பிளாட்டினம், எல்லாம் வந்தது. "இப்போது நம் உறுப்பினர்கள் வழிவழி வந்த முறையில், அளவுக் கன்னத்தின் மேல், மூன்றாம் முத்தத்தை நிகழ்த்திக் காட்டுவார்கள். செயலாளர் தொடங்கிவைப்பார்."

சொலான்ஜ் நாற்காலிவரை போனாள். குனியப் போனவள் அப்படியே நின்றாள்.

"தலைவரே. காலையிலயே ஆச்சு."

"என்ன ஆச்சு?"

"வணக்கம். தேவாலய வாசல்ல. இன்னொரு தடவை சொன்னா ரோசீனை அவமானப்படுத்தின மாதிரி. விதி இருக்கு. நான்தான் சேர்த்தேன்."

"சரி. அடுத்தவர்."

"பேக்கரியில ஆச்சு," என்றான் அடுத்தவன்.

"காப்பிக் கடையில."

"எனக்கும் ஆச்சு. வாயில ரொட்டி இருந்துச்சு, ஆனா ஆச்சு."

ஒயின் நிற அங்கிகள் வரிசையாக வந்து, வரிசையாகக் கையைப் பிசைந்து, வரிசையாகத் திரும்பின. லாந்த்ரியோ மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "மன்னிக்கணும், தலைவர் அவர்களே. அப்படின்னா உங்க ஊர் மரபு என்ன? பக்கத்துல வந்துட்டுத் திரும்பிப் போறதா?"

ஃபுல்க்ரான் கதவில் சாய்ந்துகொண்டார். பர்ரால் குடும்பத்தார் பொது இடத்தில் சிரிப்பதில்லை. அன்று உதடு கொஞ்சம் கோணியது.

"இல்லை அம்மா," என்றார் கல்வின்யாக். "இந்த நாளுக்காக நான் காலையிலிருந்து ஜன்னல்கூடத் திறக்கவில்லை. ஒருவர் முகத்திலும் விழிக்கவில்லை. என் வணக்கம் முழுசாக இருக்கிறது. நான் நிகழ்த்துகிறேன்."

கோணிய உதடு நேரானது. அப்போதுதான் ஃபுல்க்ரானுக்குப் புரிந்தது, காலையெல்லாம் ஊரிலிருந்த ஒவ்வொரு ஆணையும் பெண்ணையும் வரிசையிலிருந்து அகற்றி, மருந்துக்கடைக்காரனுக்குப் பாதையைத் தானே பெருக்கிக் கொடுத்திருக்கிறார் என்று. கல்வின்யாக் மேடையில் நடந்தார். கண்ணை இப்போதே மூடத் தொடங்கியிருந்தார்.

ரோசீன் எழுந்தாள். வலது கையை நேராக, முழங்கை மடங்காமல், நீட்டினாள்.

கல்வின்யாக் கண்ணைத் திறந்தபோது அவர் மூக்குக்கு முன்னால் இருந்தது கை.

"மதாம் பர்ரால்," என்றார் அவர், யாருக்கும் கேட்காதபடி. எல்லோருக்கும் கேட்டது. "நீங்க அளவுக் கன்னம்."

"கன்னம் எனக்கும் வேணும் ஐயா. நீங்க நல்லவர். க்ரீமும் நல்லா இருந்துச்சு. ஆனா உங்களுக்கு வேண்டியது என் கன்னம் இல்ல, யாராவது ஒருத்தரோட கன்னம். இனிமே ஞாயிற்றுக்கிழமைகள்ல மத்தியானம் சாப்பிட எங்க வீட்டுக்கு வாங்க. வாசல்ல எல்லாரையும் போல மூணு. அங்கி வேணாம்."

கல்வின்யாக் கையை வாங்கினார். இந்த முறை நுனியில் பிடிக்கவில்லை.

லாந்த்ரியோவுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. "அப்போ கைகுலுக்கறதுதானா? அதுக்கு நாங்க சான்றிதழ் குடுக்கறதில்லை. அது எல்லா ஊர்லயும் இருக்கு."

"இருங்கம்மா," என்றாள் ரோசீன். "இன்னும் ஒருத்தர் பாக்கி இருக்கார்."

"யார்? எல்லாரும் காலையிலயே பண்ணிட்டதா சொன்னாங்களே."

"எல்லாரும் பண்ணாங்க. பேக்கரியில, தேவாலயத்துல, காப்பிக் கடையில. ஊர் முழுக்க எனக்குக் காலை வணக்கம் சொல்ல வச்சார். அவர் மட்டும் சொல்லல. எழுந்திரு, நேரமாச்சுன்னு சொன்னார்."

மண்டபம் முழுதும் கதவுப் பக்கம் திரும்பியது.

ஃபுல்க்ரான் நின்ற இடத்திலேயே நின்றார். அவர் தன் வாழ்நாளில் எத்தனையோ முறை டேங்கரைக் குறுகலான சந்தில் பின்னோக்கி ஓட்டிச் சென்றிருக்கிறார்; மண்டபத்தின் நடுவழி அதைவிடக் குறுகலாக இருந்தது. மார்செலான் பின்னாலிருந்து முதுகில் கை வைத்துத் தள்ளினான், காலையில் அவர் தள்ளியது போலவே. "போடா. தேர் நிக்குது."

அவர் மேடைக்குப் போனார். ரோசீன் கையை நீட்டவில்லை. முகத்தையும் நீட்டவில்லை. சும்மா நின்றாள். அவருக்கு எந்தப் பக்கம் முதலில் என்பது மறந்துபோனது. வாழ்நாளெல்லாம் யோசிக்காமல் செய்தது. வலது பக்கம் போனார். அவளும் வழக்கப்படித் தலையைத் திருப்ப, இரண்டு மூக்குகளும் மோதின.

"இடது," என்றார் கல்வின்யாக் தன்னையறியாமல்.

"வாயை மூடுங்க தலைவரே," என்றாள் சொலான்ஜ். அவள் தன் தலைவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் முறை.

ஃபுல்க்ரான் மீண்டும் தொடங்கினார். இடது. காலையில் ஷேவ் செய்ய நேரமில்லாததால் முள் குத்தியது. ரோசீன் முகத்தை எடுக்கவில்லை. அங்கே, காதோரத்தில், ஒரு சிறிய மச்சம் இருந்தது.

"இடது கன்னம்," என்றார் அவர்.

"ரொம்ப சீக்கிரம் கண்டுபிடிச்சுட்டே," என்றாள் அவள்.

வலது. பிறகு மூன்றாவது.

லாந்த்ரியோ கைதட்டினாள். மற்றவர்கள் அதைப் பார்த்துத் தட்டினார்கள். அவள் மேடையேறி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் பங்குக்குப் பேசினாள்.

"நான் பல ஊர் பார்த்துட்டேன். நத்தைச் சபை, பூசணிச் சபை, வெங்காயச் சபை. கன்னமுத்தத்துக்குச் சான்றிதழ் கேட்டு எங்ககிட்ட நிறைய ஊர் வந்தாச்சு. அதெல்லாம் எங்கேயும் அழியல, கூட்டமைப்புக்கு அதுல ஆர்வமில்ல. ஆனா இது வேற. கல்யாணமாகிப் பல வருஷமான ஒரு புருஷன், ஊர் முன்னாடி, தன் பொண்டாட்டிக்குக் காலை வணக்கம் சொல்றது. இந்த மாகாணத்துல இது எங்கேயுமே மிச்சமில்லைன்னுதான் நாங்க நினைச்சுட்டு இருந்தோம். இதை அழியும் நிலையில் உள்ள மரபா கூட்டமைப்பு ஏத்துக்குது."

கல்வின்யாக் ஒரு கணம்கூடத் தாமதிக்கவில்லை. பதக்கத்தைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். "அன்பர்களே, நம் சபை தொடங்கப்பட்டதே இதற்காகத்தான்." சபை உறுப்பினர்கள் ஒருமனதாகத் தலையாட்டினார்கள். கணவர்களுக்கு இனி வாரம் ஒரு முறை சரிபார்ப்பு என்று அங்கேயே முடிவானது. யாரும் வரவில்லை. ஃபுல்க்ரானை அளவுக் கணவராக நியமிக்க வந்தபோது அவர் கதவைத் திறந்து, கையைக் கொடுத்து, கதவை மூடினார்.

கல்வின்யாக் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பர்ரால் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். வாசலில் மூன்று. உதடு காற்றில். ஃபுல்க்ரான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறார். அதற்கு முன்னால், விடியற்காலையிலேயே, தன் பங்கை அவர் முடித்து வைத்திருப்பார்.

அன்று மேடையில் ஃபுல்க்ரான் பர்ரால் நான்காவது ஒன்றும் கொடுத்ததாகக் கோர்ப்யாக்கில் பேசிக்கொள்கிறார்கள். பொய். பர்ரால் குடும்பத்தில் யாரும் நான்கு கொடுத்ததில்லை. மூன்றுதான். மூன்றாவது மட்டும் கன்னத்திலும் படவில்லை, காற்றிலும் போகவில்லை, அவ்வளவே.